பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம்

மாசி 4, புதன்.

காலையிலேயே வெயில் கடுமை. வீட்டில் பாக்கியத்துக்கு முழங்கால் வலி. தைலம் வாங்க வேண்டும். குடைக்குத் துணி.

பத்து மணிக்குக் கரீம் சாயபு வீடு. முன்கட்டில் தோல் மண்டி, பின்கட்டில் குடும்பம், நடுவே பச்சைத் திரை. இந்தப் பக்கம் என் நாற்காலி. அந்தப் பக்கம் அவர் தங்கை ஜைனப். ரங்கூனில் கணவர் இறந்த பிறகு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். முகம் பார்த்ததில்லை, பார்க்கவும் கூடாது. குரல்தான் என் மாணவி.

ரம்ஜான் கழிந்ததும் இந்தத் தெருவில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி. திரைக்குள் இருக்கும் கோஷாப் பெண்ணைத்தான் ஆசிரியையாக வைப்பார்கள். அடுத்த வியாழன் பரிசோதகி அம்மாள் வந்து இங்கிலீஷ் இலக்கணம் கேட்பார். தேறினால் வேலை இவளுக்கு. தேறாவிட்டால் ஆயுசுக்கும் அண்ணன் அடுப்படி.

இன்று பாடம் பிரேஸ், அதாவது சொற்றொடர். வினைமுற்று இல்லாத சொற்கூட்டம். சேர்ந்து நின்று ஒரே வேலை செய்யும். 'இன் தி ஷாப்' என்பதை எடுத்துக்கொண்டேன். 'தி மேன் இன் தி ஷாப்': எந்த மனிதன்? கடையில் இருக்கும் மனிதன். பெயரைத் தெளிவாக்குவதால் அட்ஜெக்டிவ் பிரேஸ். 'ஹீ ஸ்லீப்ஸ் இன் தி ஷாப்': எங்கே தூங்குகிறான்? கடையில். வினையோடு சேர்வதால் அட்வெர்ப் பிரேஸ். சொற்கள் அவையே, வேலை வேறு. ஒரே துண்டு அடுப்படியில் பிடிதுணி, வெயிலில் தலைப்பாகை.

சில வாக்கியங்கள் சொல்லிக் கேட்டேன். பக்கத்துக் கிடங்கில் தோல் பதனிட ஆவாரம்பட்டை இடிக்கும் சத்தம். அவள் குரல் சரியாக எட்டவில்லை. கெட்டிக்காரி, தப்பாகவா சொல்லியிருப்பாள்? "ரொம்ப சரி, அம்மா" என்றேன், எல்லாவற்றுக்கும்.

புறப்படும்போது சாயபு: "இன்னா வாத்தியாரய்யா, தங்கச்சிக்கு வருதா?"

"பேஷாக வருகிறது."

மாசி 6, வெள்ளி.

கிடங்கு விடுமுறை. பட்டை இடிக்கவில்லை, மண்டியில் ஆள் இல்லை. தெருவே அமைதி.

அப்படியும் அவள் குரல் கேட்கவில்லை.

எதிர்மதிலில் ஒரு காக்கை. வாயைத் திறந்தது, மூடியது, திறந்தது. சத்தம் இல்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரொம்ப சரி, அம்மா." பழக்க தோஷம். எதற்குச் சொன்னேனோ.

வீட்டில் பாக்கியம் வந்து தோளைத் தட்டினாள். "இன்னாங்க, எத்தினி வாட்டி கூப்பிடறது? கல்லு மாதிரி குந்தினு இருக்கீங்க." படித்துக்கொண்டிருந்தேன் என்றேன். கையில் புத்தகமே இல்லை.

மாசி 7, சனி.

நாற்காலியைத் திரையோடு ஒட்டிப் போட்டு, வலது காதைத் திருப்பி உட்கார்ந்தேன். சாயபு மண்டியிலிருந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் வந்து உரக்கக் கேட்டார்.

"இன்னா வாத்தியாரய்யா, திரையைத் தின்னுடப் போறீங்களா?"

தோல் பிரிக்கிற ஆட்கள் சிரித்தார்கள். "அங்கே காற்று இல்லை, சாயபு" என்று பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டேன்.

"கொஞ்சம் உரக்கச் சொல்லு, அம்மா" என்று கேட்க முடியாது. அவள் குரல் மண்டி ஆட்கள் காதில் விழக்கூடாது என்பது இந்த வீட்டு முறை. சாயபுவிடம் சொன்னால் பாடம் அன்றோடு சரி. கிழவன், மரியாதைப்பட்டவன் என்றுதான் என்னை உள்ளே விட்டார். என் இடத்துக்கு வேறு யாரை விடுவார்?

சொல்லாவிட்டாலோ, வியாழக்கிழமை அவள் என் 'ரொம்ப சரி'யை நம்பிக்கொண்டு பரீட்சைக்கு உட்காருவாள். அதில் எத்தனை சரியோ.

தைலம் மறந்தேன்.

மாசி 9, திங்கள்.

சிலேட்டு கொண்டுபோனேன். நான் வேலை பார்த்த பள்ளியில் இலக்கணம் வாய்ப்பாடம்தான். சிலேட்டு கணக்குக்கு மட்டும். இன்று வேறு வழியில்லை. தமிழில் எழுதித் திரைக்கு அடியில் தள்ளினேன்: 'எனக்குக் காது கேட்கவில்லை, அம்மா. சில நாளாக உன் பதில் ஒன்றும் என்னை எட்டவில்லை. மன்னிக்க வேண்டும்.'

திரை அசையவில்லை. எழுந்து போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

சிலேட்டு திரும்பி வந்தது. எழுத்து சின்னது, அழகு.

'தெரியும் சார். சந்தேகமா இருந்துச்சி. புதன்கெழமை வேணும்னே வாய் தொறக்கல. நீங்க ஒவ்வொண்ணுக்கும் ரொம்ப சரின்னீங்க.'

முகம் சுட்டது. திரை இருந்தது நல்லதாயிற்று.

ஏன் சொல்லவில்லை என்று எழுதினேன்.

'அண்ணனுக்குத் தெரிஞ்சா உங்கள நிறுத்திடும். உங்கள நிறுத்தினா என்னையும் நிறுத்தின மாதிரிதான். ஆனா சார், நான் கத்துகிட்டதுல எது சரி, எது தப்பு? பேஜாரா கீது.'

மாசி 10, செவ்வாய்.

எல்லாம் முதலிலிருந்து. நான் வாயால் சொல்ல, அவள் சிலேட்டில் பதில். சாயபு காதுக்குப் பாடம் வழக்கம்போல நடக்கிறது.

பயந்தபடியேதான். இன், ஆன், வித் என்று தொடங்கினால் எல்லாமே அவளுக்கு அட்வெர்ப் பிரேஸ். 'தி கேர்ல் வித் தி லேம்ப்', விளக்கு வைத்திருக்கும் பெண். அதுவும் அட்வெர்ப் என்கிறாள். எந்தப் பெண் என்று கேள், அம்மா. எங்கே, எப்படி, எப்போது என்றால் வினைப்பக்கம் போ. எந்த என்றால் பெயர்ப்பக்கம் வா. குடம், வண்டி, ஆடு, அண்ணன், எல்லாவற்றையும் வைத்துக் காட்டினேன். ஒரு முறை சரி, மறுமுறை தப்பு. அழித்து அழித்துச் சிலேட்டே வெளுத்துவிட்டது.

கடைசியாக எழுதினாள்: 'நாளைக்கும் வருவீங்கல்ல?'

மாசி 12, வியாழன்.

நேற்று முழுவதும் எந்த, எங்கே. எழுத நேரமில்லை.

இன்று பதினொரு மணிக்குப் பரிசோதகி அம்மாள் ஜட்கா வண்டியில் வந்து திரைக்குள் போனார். நானும் சாயபுவும் வெளியே. கிடங்கில் பட்டை இடிப்பதைத் தரையில் வைத்த பாதத்தில் உணர்ந்தேன், காதில் இல்லை. சாயபு தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தையே படித்தேன். புருவம் சுருங்கிற்று. பிறகு தாடியை இழுத்துவிட்டுக்கொண்டார். அதற்கு என்ன அர்த்தம்?

என் பக்கம் திரும்பி மெல்ல என்னவோ கேட்டார். "ரொம்ப சரி" என்றேன். விநோதமாகப் பார்த்தார்.

பரிசோதகி அம்மாள் வெளியே வந்தார், கைகூப்பினார், ஜட்கா ஏறினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சாயபு வழியனுப்பப் பின்னாலேயே போனார். யாரைக் கேட்பது? கேட்டாலும் பதில் எனக்கு எட்டாதே.

திரைக்கு அடியில் சிலேட்டு.

'தி லேடி பிஹைண்ட் தி கர்ட்டன் ஹாஸ் பாஸ்ட்.' திரைக்குப் பின்னால் உள்ள பெண் தேறிவிட்டாள். 'பிஹைண்ட் தி கர்ட்டன்' என்பதன் கீழே கோடு. கோட்டின் கீழே: 'எந்த லேடி? அட்ஜெக்டிவ்.'

வாய்விட்டு வாசித்தேன் போலிருக்கிறது. எவ்வளவு உரக்க என்று தெரியாது. மண்டி ஆட்கள் அத்தனை பேரும் கையில் பிடித்த தோலோடு திரும்பிப் பார்த்தார்கள். சாயபு வாசலில் நின்று என்னையும் சிலேட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தம் காதைத் தொட்டுக் காட்டி, என்னவோ கேட்டார்.

இந்தத் தடவை 'சரி' என்று சொல்லவில்லை. சிலேட்டையும் குச்சியையும் அவரிடம் நீட்டினேன்.