எரவாணத்து டம்ளர்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? மும்பையில் எனக்கு ஒரு குறையும் இல்லை, கூட உட்கார்ந்து சாப்பிடத்தான் ஆள் இல்லை.

ஓர் இந்திக் கதையைப் படமாக எடுத்திருக்கிறார்கள். நான் அதற்குத் தமிழ் வசனம் எழுதுகிறேன். அதில், சாதியால் ஒதுக்கிவைக்கப்பட்ட களையெடுப்புக்காரி, வீட்டுக்காரியிடம் தண்ணீர் கேட்கிறாள். "என் டம்ளரு எரவாணத்துல இருக்குங்க, அதுல ஊத்துங்க."

தாழ்ந்த கூரை விளிம்புக்குத் தமிழில் என்ன சொல் என்று ஆபீஸில் மற்றவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் யோசிக்காமலே ‘எரவாணம்’ என்று எழுதிவிட்டேன். மேலாளர் சென்னைக்காரர். பாராட்டிவிட்டு, "உங்க புதுக்கோட்டைப் பக்கம் இப்பவும் இப்படித் தனி டம்ளர் உண்டா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் அந்தக் காலம் சார்" என்றேன். அதற்குப் பிறகு என்னால் வேலை பார்க்க முடியவில்லை.

போனில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவீர்கள், அதனால்தான் கடிதம். ஆபீஸ் பஸ் வரும் நேரமாகிவிட்டது. எலுமிச்சை ஊறுகாய் போட்டுவையுங்கள், பொங்கலுக்கு வருகிறேன். அதற்குள், நம் மாட்டுக்கொட்டகை எரவாணத்தில் செருகியிருக்கும், நம் வீட்டு வேலைக்கு வரும் காத்தாயி அக்காவின் டம்ளரை எடுத்து, அடுப்படியில் நம் டம்ளர்களோடு கழுவிக் கவிழ்த்துவையுங்கள். நான் வந்து பார்க்கும்போது அவருடையது எது என்று எனக்கு அடையாளம் தெரியக் கூடாது.

உங்கள் மகள்,
கலைமதி