முதல் வண்டி

ஸ்ரீரங்கம்
12.7.1980

அன்புள்ள ராணிக்கு,

மாதா கிருபையில் அம்மாவும் நானும் நலம். புத்தூரில் பிறந்த வீட்டுக்குப் போனவள் ஒரு வரி எழுதவில்லை என்று அம்மாவுக்குக் குறை. எனக்கும்தான்.

இது ஆபீஸ் விஷயம். போன வாரம் கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறியது. நம் கரைத் தெருக்காரர்களைப் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லி, வேனில் மைக் பிடித்து நானே கத்தினேன்: "பலமுறை எச்சரித்தும் பெரும்பாலானோர் இன்னும் கிளம்பவில்லை. உடனே கிளம்பவும்!" ஒருத்தரும் அசையவில்லை. நல்லவேளை, தண்ணீர் வடிந்தது. அடுத்த மாதம் இன்னும் அதிகம் வருமாம். கலெக்டர் என்னைக் குடைகிறார். வெள்ளத்தில் ஜனங்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதுதானே உன் மனோதத்துவ ஆராய்ச்சி? ஒரு யோசனை சொல்லேன்.

உன்,
பிலோமின்ராஜ்

புத்தூர்
16.7.1980

மதிப்பிற்குரிய துணைத் தாசில்தார் அவர்களுக்கு,

"பொம்பளை வீடு வீடாப் போய்க் கேள்வி கேட்டா நாலு பேர் என்ன சொல்வாங்க?" என்று நீங்கள் கேட்டதால்தானே நான் பெட்டியைக் கட்டினேன்? இப்போது அதே ஆராய்ச்சியிலிருந்து யோசனை வேண்டுமாம். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. ஆனால் கரைத் தெருக் குழந்தைகள் என்ன பாவம் செய்தார்கள்?

நீங்கள் தடுப்பதற்கு முன்பே, முந்தைய வெள்ளத்தில் நகராத நம் தெருக்காரர்களிடம் காரணம் கேட்டிருந்தேன். வெள்ளையம்மாள் சொன்னாள்: "பக்கத்து வீட்டுல அடுப்பு எரிஞ்சுதுங்க. அதான் நாங்களும் இருந்துட்டோம்." மற்றவர்களும் ஏறக்குறைய இதையே சொன்னார்கள். பெரும்பாலானோர் கிளம்பவில்லை என்று நீங்களே மைக்கில் சொன்னால், அவர்களோடு இருப்பதுதான் பத்திரம் என்று யாருக்கும் தோன்றாதா? கிளம்பியவர்களைப் பெயர் சொல்லி அறிவியுங்கள். பொய் மட்டும் வேண்டாம். ஒருமுறை பொய்யென்று தெரிந்தால் அப்புறம் நிஜத்துக்கும் நகரமாட்டார்கள்.

அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா?

லூர்துராணி

ஸ்ரீரங்கம்
11.8.1980

அன்புள்ள ராணிக்கு,

வெள்ளம் வந்தது. யாருமே கிளம்பாதபோது யார் பெயரைச் சொல்வது? முழித்தேன். நம் வீடும் அதே தெருதானே! அம்மாவின் கட்டிலை மாட்டுவண்டியில் ஏற்றினேன். "தாசில்தார் வீடே பயந்து ஓடுதுன்னு நாலு பேர் சிரிப்பாங்கடா" என்றாள். "சிரிக்கட்டும்மா, நீ ஏறு" என்றேன். வண்டியைத் தெரு முழுக்க மெதுவாக ஓட்டச் சொன்னேன்.

பிறகு மைக்கில், "தாசில்தார் வீடு கிளம்பியாச்சு!" மளிகைக்கடை செல்லக்கண்ணு கடையைப் பூட்டினார். அவர் பெயரையும் சொன்னேன். அப்புறம் பெயர் சொல்லி மாளவில்லை. தெருவுக்குள் தண்ணீர் புகுந்தபோது அங்கே ஆளே இல்லை.

கலெக்டரிடம் உன் பெயரைச் சொன்னேன். ஆற்றங்கரை ஊர்களிலெல்லாம் எப்படி அறிவிப்பது என்று நீயே எழுதித் தரவேண்டுமாம். இனி எந்த வீட்டுக்கு வேண்டுமானாலும் போய்க் கேள். நான் தடுக்கமாட்டேன். இங்கே சேறு இன்னும் காயவில்லை. நாங்கள் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறோம். நீ இல்லாமல் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. வந்துவிடு.

உன்,
பிலோமின்ராஜ்

புத்தூர்
14.8.1980

அன்புள்ள உங்களுக்கு,

கலெக்டருக்கு எழுத ஆரம்பித்துவிட்டேன். அத்தை கட்டிலோடு ஊர்வலம் போனதைப் படித்துச் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது.

வந்துவிடு என்கிறீர்கள். என் ஆராய்ச்சி பாதியில் நிற்கிறது. அது முடிகிறவரை நீங்கள் இங்கே வந்து இருங்களேன். ஆபீசுக்குப் பஸ் இருக்கிறது. அத்தைக்குக் கீழறையை ஒழித்துவைத்திருக்கிறேன். வீட்டோடு மாப்பிள்ளை என்று நாலு பேர் சொல்லத்தான் செய்வார்கள்.

கட்டிலை ஏற்றிக்கொண்டு பகலிலேயே வாங்க. எங்கள் தெருவிலும் வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள்.

உங்கள்,
ராணி