கோவா என்று சொல்லிக் காட்டிய ஏரி

அன்புள்ள மாமா, போர்வெல் வண்டியோடு ஆப்பிரிக்கா போய் ஓர் ஏரியிடம் மனதைப் பறிகொடுத்த நகரியின் நாயகனே,

மேலுலகில் வசிக்கும் தங்களுக்கு இதனால் பணிவன்புடன் அறிவிப்பது: நம் வீட்டு டிவி ரிமோட்டுக்குப் புது பேட்டரி போடப்பட்டுவிட்டது. இனி யாரும் அதைத் தொடையில் தட்ட வேண்டியதில்லை. விழாவுக்கு நைனாவும் பூனையும் வந்திருந்தார்கள்.

அந்த ரிமோட்டில் முதலில் என்ன பார்த்தோம் தெரியுமா? உன் மலாவி ஏரியை!

போன வருஷம் நீ அங்கேயே காய்ச்சலில் போய்விட்டதிலிருந்து வீட்டில் ஆப்பிரிக்கா என்ற சொல்லுக்கே 144 தடை. "எந் தம்பிய துன்ன ஊரு. அந்தப் பேச்சே எடுக்காத" என்பாள் அம்மா. நீ அனுப்பிய படங்கள் என் போனிலேயே அடைந்து கிடந்தன. காய்ச்சல் செய்ததற்கு ஏரி என்ன பண்ணும், மாமா? நீ அவ்வளவு ஆசைப்பட்ட ஒன்றை உன் அக்கா பார்க்காமலே இருந்துவிடுவாளா?

"எல்லாரும் இந்தப் பக்கம் சிங்கம் பாக்கத்தான் வராங்கடா. இவ்ளோ பெரிய ஏரிய ஒருத்தனும் திரும்பிப் பாக்கறதில்ல" என்று போனில் புலம்புவாய். "நம்ம ஊர்லயும்தான் ஏரி கீது மாமா. அதுல கிரிக்கெட் ஆடிக்கினு கீறோம்" என்று நான் வம்பிழுப்பேன்.

ஆயிரம் அடி தோண்டினாலும் புழுதி பறக்கும் ஜில்லாவில் பிறந்தவனுக்கு அந்தத் தண்ணீர் எப்படி இருந்திருக்கும்! உன் வேலைதான் போர். ஏரி போரே அடிக்கவில்லை. அக்கரை தெரியாத நீலம். உப்பே இல்லாத அலை. தண்ணீருக்கு அடியில் பாறைகளைச் சுற்றி நீலமும் மஞ்சளுமாய் மீன்கள், நம் ஊர்ப் புடவைக் கடையில் விரித்துப் போட்ட மாதிரி. ஒரே மரத்தைக் குடைந்த படகில் ஒருவர் ஆடாமல் உட்கார்ந்து வலை வீசுகிறார். இன்னொரு படத்தில் தண்ணீரிலிருந்து கரும்புகை எழுகிறது. படகு தீப்பிடித்தது என்று பதறி ஓடினாயே, அத்தனையும் பூச்சி! "இங்க இத அடையா தட்டி துன்னுறாங்கடா" என்று சிரித்தாய்.

ஒரு திட்டம் போட்டேன். படங்களைப் பென்டிரைவில் ஏற்றி, டிவியில் சொருகி, "அம்மா, என் பிரண்டு கோவா போய்க்கினு வந்தான். பாக்கறியா?" என்றேன். என் முகத்தில் ஒரு களங்கம் இல்லை.

"இன்னா பாறை! நம்ம நகரி மலைய தூக்கினு போய் தண்ணியில வச்சாப்ல கீது" என்றார் நைனா.

அம்மா அவரைக்காய் நறுக்குவதை நிறுத்தினாள். "தண்ணி இன்னாடா கண்ணாடியாட்டம் கீது? இன்னொரு வாட்டி காட்டு." எல்லாப் படத்தையும் திரும்பத் திரும்பப் பார்த்தாள். தடையை மீறி ஒரு கண்டத்தையே கூடத்துக்குள் கடத்தி வந்தவன் நான்! அம்மாவையே ஏமாற்றிய மேதை! நகரியில் என்னைப் போல் ஒருவன் பிறந்ததில்லை, மாமா.

சரி, சரி. உன்னிடம் என்ன மறைப்பது?

படம் முடிந்ததும் அம்மா ரிமோட்டை வாங்கிக்கொண்டாள்.

"கோவாவாம் கோவா. எல்லா போட்டோலயும் மூலையில கட்டவெரல் கீதுடா, மடையா. எந் தம்பிய தவிர எவன் அப்படி எடுப்பான்? மொத போட்டோலயே தெரிஞ்சிபோச்சு."

"அப்போ ஏம்மா சொல்லல?"

"சொன்னா நீ நிறுத்திடுவியே."

இத்தனை நாள் பார்த்தும் அந்த விரல் என் கண்ணில் படவே இல்லை, மாமா. யார் யாரை ஏமாற்றினார்கள் என்று நீயே சொல்.

ஒருநாள் அம்மாவை அங்கே கூட்டிப் போகிறேன். உன் பாறையில் உட்காரவைத்து நானே படம் எடுக்கிறேன். மூலையில் கட்டாயம் ஒரு கட்டைவிரல் இருக்கும்.

இப்படிக்கு,
உன் அக்காவிடம் மாட்டிக்கொண்ட,
உன் அக்கா மகன்