அரபெல்லாவுக்கு நான் பிழையாகப் பாடிய தாலாட்டு

மனோர் பார்க், லண்டன், 1997

அன்பான அரபெல்லா,

உமக்குத் தமிழ் வாசிக்க ஏலாது. தெரிந்துதான் தமிழில் எழுதுகிறேன். உம்முடைய குடும்பத்தார் இதை எடுத்துப் பார்த்தாலும் விளங்கக் கூடாது. பாரும், நீர் போய் மூன்று மாதம், என்னுடைய சந்தேகப் புத்தி மட்டும் இன்னும் போகவில்லை.

எண்பத்தாறில் சோஹோவில் ஒரு உடை வடிவமைப்பாளரிடம் தையல் வேலை எனக்கு. நாங்கள் நிலவறையில், மேலே நீர்தான் எல்லாம். பிரபு வீட்டு மகள். உம்மைப் பார்த்தால்தான் அவருக்கு உடுப்பே தோன்றும் என்று பத்திரிகைகள் எழுதின. உம்மேல் துணியைப் போட்டுக் குண்டூசி குத்தி அளவு பிடித்தது நான். நீர் கீழே இறங்கி வந்து, வெட்டுத் துணிகளுக்கு நடுவே நிலத்தில் இருந்துகொண்டு, "எந்த ஊர்? விசா கிடைத்துவிட்டதா?" என்று கேட்பீர். என் அகதி வழக்கு அப்போது முடியவில்லை. பக்கத்து மெஷினில் இருந்த மன்னார்த் திரேசா என் காதுக்குள் சொன்னாள்: "பெரிய இடத்துப் பிள்ளை ஏன் நிலத்தில குந்தியிருக்குது? கதை பிடுங்கத்தான். வாயைத் திறவாதேங்கோ அக்கா."

அவள் கூப்பிட்டதைக் கேட்டு நீரும் என்னை "அக்கா" என்றீர். எனக்கு அது பிடிக்கவில்லை. காரியம் இல்லாமலா உறவு கொண்டாடுகிறீர் என்று நினைத்தேன்.

ஒருநாள் விளிம்பு தைத்தபடி நான் முணுமுணுத்ததை நீர் கேட்டுவிட்டீர். "அது என்ன பாட்டு?" மூன்று வயதில் காய்ச்சலில் போன என் மகளுக்குப் பாடிய தாலாட்டு. நான் சொல்லவில்லை. "சும்மா" என்றேன்.

பிறகு அந்த வடிவமைப்பாளருக்கு உம்முடைய இடத்துக்கு இருபது வயதுப் பெண் ஒருத்தி கிடைத்தாள். உமக்கு முப்பத்திரண்டு. அவர் உம்மிடம் நேரே சொல்லக்கூட இல்லை. உம்முடைய அளவுத் தாள்களைக் கிழித்துப் போடச் சொல்லி எங்களிடம் ஆள் அனுப்பினார். நீர் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு கிற்றார் பழகுகிறீர் என்று கேள்விப்பட்டோம். பணக்காரருக்கு இதுவும் ஒரு விளையாட்டு என்றாள் திரேசா. ஓம் என்றேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கிற்றாரோடு என் வீட்டுக் கதவைத் தட்டினீர். விலாசம் யார் தந்தது? இன்றுவரை தெரியாது.

"அக்கா, அந்தப் பாட்டை ஒருமுறை முழுதாகப் பாடுவீர்களா?"

பாடினேன். பிழையாகப் பாடினேன். ஏற வேண்டிய இடத்தில் இறங்கினேன். மகளின் பெயர் வரும் அடியை விழுங்கினேன். நீர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, தேத்தண்ணி குடித்து, பஸ் ஏறிப் போனீர்.

தொண்ணூற்றொன்றில் கேம்டனில் ஒரு மதுக்கடை மாடியில் பாடுகிறேன், வாருங்கள் என்றீர். என் பாட்டைப் பாடப்போகிறீர், களவைக் கையோடு பிடிக்கலாம் என்றுதான் வந்தேன். நாற்பது பேர்கூட இல்லை. கரகரத்த குரல். ஆனாலும் அதில் நடிப்பில்லை. எனக்கு அது எரிச்சலாகவும் இருந்தது. கடைசியில் சொன்னீர்: "இன்னும் ஒரு பாட்டு என்னிடம் இருக்கிறது. அது பின்வரிசையில் இருக்கும் என் அக்காவுடையது. எனக்குத் தர விரும்பாமல் மாற்றிப் பாடினார். அதனால் நான் அதைப் பாடப்போவதில்லை."

கிற்றாரை உறையில் வைத்துவிட்டு இறங்கினீர்.

எப்படிக் கண்டுபிடித்தீர்? அதற்குப் பிறகு எத்தனையோ தரம் சந்தித்தோம். நான் கேட்கவில்லை, நீரும் சொல்லவில்லை. இந்த வருடம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீர் மெலிந்து கிடந்தபோது, கையைப் பிடித்துக்கொண்டு அதைச் சரியாகப் பாடினேன், பெயரோடு. அது என் மகளின் பெயர் என்றேன். நீர் நன்றி சொல்லவில்லை. "அவளுக்கு என்ன வயது?" என்று மட்டும் கேட்டீர். மூன்று என்றேன். இவ்வளவு காலத்தில் ஒருவருமே அதைக் கேட்டதில்லை.

போன கிழமை உம்முடைய தம்பி எனக்குப் போன் எடுத்தார். நீர் விட்டுப்போன காகிதங்களில் என் பெயர் இருக்கிறதாம். "என் சகோதரிக்கு நீங்கள் என்ன முறை? உங்களுக்கு என்ன வேண்டும்?" என்றார். அந்தத் தொனி எனக்குப் பழக்கம். எத்தனையோ வருடம் அதே தொனியில்தான் உம்மோடு நான் கதைத்தேன். கோபிக்க ஏலவில்லை. பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அடுத்த மாதம் உங்கள் ஊர்த் தேவாலயத்தில் நினைவு ஆராதனையாம். எனக்கு அழைப்பு வரவில்லை. வருவேன். குடும்பத்தார் இருக்கும் முன்வரிசை வாங்கில் போய் இருப்பேன். என்ன முறை என்று உம்முடைய தம்பி திரும்பவும் கேட்கட்டும். எல்லாருக்கும் கேட்கப் பதில் சொல்லுவேன்.

உம்முடைய அக்கா,
பரமேஸ்வரி