முதல் சுற்றில் மறுப்பு கிடையாது

நாள் 131, காலை 9:10

நிலாவின் தென்முனை, குளிர்க்குழி நிலையம். எழுதுவது இசக்கியம்மாள், மொழிக்கணிப்பு ஆய்வாளர். காற்று, தண்ணீர், மின்சாரம் மூன்றும் சரி. வெளியே வழக்கமான கொடுங்குளிர்.

முன்பின் தெரியாதவர் எடுத்துப் படித்தாலும் புரிகிற மாதிரி குறிப்பு எழுத வேண்டும் என்பது இங்கே விதி. சரி, புரிய வைக்கிறேன். நாங்கள் மூன்று பேர். நஸ்ரினும் ஜெபராஜும் வடிவமைப்பாளர்கள். நிலா மண்ணை வைத்துக் கதவு, சுவர், குழாய் என்று எதையாவது புதிதாக யோசிப்பது அவர்கள் வேலை. யோசிக்கும்போது என்ன பேசுகிறார்கள் என்று ஒட்டுக்கேட்பது என் வேலை. அதற்கு நான் உருவாக்கிய கணினியின் பெயர் உரைகல். பேசுவதையெல்லாம் எழுத்தாக்கி, முன்பு பேசியதிலிருந்து பொருளில் எவ்வளவு தூரம் விலகியிருக்கிறது என்று அளந்து நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும். சொன்னதையே சொன்னால் மணி அடிக்கும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் குண்டுச்சட்டி மணி.

யோசனைக் கூட்டத்துக்கு ஒரே சட்டம். முதல் சுற்றில் மறுப்பு கிடையாது. 'நடக்காது', 'உனக்கென்ன பைத்தியமா' என்று யாராவது ஆரம்பித்தால் உரைகல் அதைக் கணக்கிலேயே எடுக்காது. மறுப்பு பயத்தைக் கொடுக்கும், பயம் யோசனையைக் கொல்லும். என் ஆய்வின் முதல் வரியே அதுதான்.

இன்றைய தலைப்பு, கதவிடுக்கில் சேரும் தூசி. காயல்பட்டினத்துக்காரி நஸ்ரின் சொன்னது பதிவில் இருக்கிறது: “கதவுக்குப் பசிக்க வெப்போம்க்கா. தூசியை அதுவே தின்னுட்டுப் போகட்டும்.” 88. ஜெபராஜ் ரப்பர் பட்டை என்றான். 21. யோசித்து யோசித்து, இன்னும் கொஞ்சம் தடியான ரப்பர் பட்டை என்றான். மணி அடித்தது. நாகர்கோவில்காரன் மூஞ்சியைப் பார்க்கணுமே! சிரித்து சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது.

நாள் 133, பிற்பகல் 2:25

உலை விரிசல் விட்டது. மண்ணைச் சுட்டு ஆக்சிஜன் எடுக்கும் உலை. எங்களிடம் இருப்பது அது ஒன்றுதான்.

ஜெபராஜ் அப்போது உலையறைக்குள் இருந்தான். காயமில்லை. நடுக்கூடம் முழுக்கப் புகை, கதவுகள் தானாகப் பூட்டிக்கொண்டன. அவன் உலையறையில், நஸ்ரின் வரைகூடத்தில், நான் கேட்பறையில். அறைக்கொரு காற்றுக்குழாய் இருக்கிறது. இனி பேச்சு ஒலிவாங்கி வழியாக மட்டும். தொட்டியில் மிச்சமிருக்கும் காற்று ஒரு வாரத்துக்குக் காணும். மீட்புக் கப்பலுக்கு மூன்று வாரம் ஆகும். உலை எரிந்தால் பிழைப்போம், இல்லாவிட்டால் இல்லை.

நாள் 133, மாலை 5:40

பூமியிலுள்ள மையத்திலிருந்து எங்கள் பொறுப்பாளர் நீலமேகம் அனுப்பியது, அப்படியே:

“மேடம், இருக்கிற காத்தை மூணு வாரத்துக்கு இழுக்கணும். இனிமே அதை உரைகல் பங்கு போடும். யார் பேச்சுல புது யோசனை வருதோ அவங்க அறைக்கு அதிகம். வழி கண்டுபிடிக்கப்போற மூளைக்குத்தானே முதல்ல காத்து வேணும்? உங்க அளவுகோல்தான் மேடம், எங்களுக்கு நீங்களே நிரூபிச்சுக் காட்டினது.”

நான் கேட்கிறவள், பேசுகிறவள் இல்லையே என்றேன். “உங்க குறிப்பையும் பேச்சாவே எடுத்துக்கும்” என்று பதில் வந்தது. ஆக, இந்த வரிக்கும் மதிப்பெண் உண்டு. குழாய்களின் பூட்டு பூமியின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. என் அறைக் குழாயைத் திருப்புளியால் நெம்பிப் பார்த்தேன், நகம் பெயர்ந்ததுதான் மிச்சம்.

உண்மையைச் சொன்னால் முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. உயிர் போகிற நேரத்தில் என் கணினியை நம்புகிறார்களே என்று.

நாள் 134, காலை 10:05

வழி கிடைத்தது! ஜெபராஜ்தான். “எக்கா, மண்ணை உருக்கிக் கண்ணாடியாக்கி விரிசலை அடைச்சிரலாம். அச்சு மெஷின் இங்கதான் கிடக்கு. ஒட்டு ஒட்டா வெச்சு, மெதுவா சூடேத்தணும். அவ்வளவுதான்.” 79. அவன் அறைக்குக் காற்று சீறிக்கொண்டு போகிற சத்தம் எனக்கே கேட்டது. மூன்று பேரும் மூன்று அறையில் தனித்தனியாகக் கை தட்டினோம்.

நாள் 135, காலை 11:30

யோசனை வந்தாயிற்று, இனி வேலைதானே. வேலை செய்கிறவன் என்ன பேசுவான்? கண்ணாடி, விரிசல், சூடு. திரும்பவும் கண்ணாடி, விரிசல், சூடு. உரைகல் மணி மேல் மணி அடிக்கிறது. 14. 9. 6. மூட்டை தூக்குகிற மாதிரி உழைக்கிறவனுக்குக் காற்றைக் குறைக்கிறது. வரைகூடத்தில் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் நஸ்ரின் “உலைக்குக் காய்ச்சல் மாத்திரை”, “விரிசலுக்குத் தாலாட்டு” என்று அடுக்குகிறாள். 90, 92.

யோசனையை விரிப்பது ஒரு சுற்று. அதில் ஒன்றைப் பிடித்துக் குறுக்கி, செய்து முடிப்பது இரண்டாம் சுற்று. என் அளவுகோலில் முதல் சுற்று மட்டும்தான் இருக்கிறது. இரண்டாவதைச் சேர்க்க இன்னும் ஒரு வருடம் ஆகும் என்றிருந்தேன்.

அளவுகோலை நிறுத்தச் சொல்லி மையத்திடம் கெஞ்சினேன். நீலமேகம்: “நடுவுல மாத்தினா ஆய்வே கெட்டுப்போகும்னு நீங்கதானே மேடம் எப்பவும் சொல்லுவீங்க. உணர்ச்சிவசப்படாதீங்க.” சவத்துப்பயல். எழுதத்தான் செய்வேன். சவத்துப்பயல்.

நாள் 135, பிற்பகல் 1:15

ஜெபராஜிடம் எதையாவது உளறச் சொன்னேன். “எனக்கு அதெல்லாம் வராது கேட்டீளா. வாயைத் தொறந்தா இந்த விரிசல்தான் வருது.” நான் சொல்லித் தருகிறேன், அப்படியே திருப்பிச் சொல்லு என்றேன். தண்ணீர் படித்த பள்ளிக்கூடம், முழங்கால் போட்ட மழை, வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அவன் ஒப்பிக்கிற பையன் மாதிரி திருப்பிச் சொன்னான்.

முதலில் சொன்னது நான், அதனால் எனக்கு 84. அவன் சொன்னது சொன்னதையே சொன்னது. அவனுக்கு மணி. உதவப் போய் அவன் காற்றையும் நானே எடுத்துக்கொண்டேன்.

நாள் 136, காலை 9:15

ஒருத்திக்குக் கூடினால் இன்னொருத்தருக்குக் குறையும், அவ்வளவுதான் கணக்கு. அப்படியென்றால் நான் மொக்கையாக எழுதினால் போதும், அவனுக்குக் காற்று போகும். நஸ்ரினையும் கேட்டேன். “எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்காங்கக்கா. நான் வாயை மூடமாட்டேன். என்கிட்ட இதைக் கேட்காதீங்க.” கேட்டிருக்கக்கூடாதுதான். நான் தனியாகச் செய்கிறேன்.

சாப்பிட்டேன். தண்ணீர் குடித்தேன். உட்கார்ந்தேன். சாப்பிட்டேன். தண்ணீர் குடித்தேன். உட்கார்ந்தேன்.

காலை 9:40

ஜெபராஜ்: “எக்கா, இப்போ கொஞ்சம் மூச்சு வருது. என்ன செஞ்சீங்க?”

சாப்பிட்டேன். தண்ணீர் குடித்தேன். உட்கார்ந்தேன். தலை வலிக்கிறது. சாப்பிட்டேன்.

காலை 9:55

விரல் நுனி நீலம். சாப்பிட்டேன். தண்ணீர். உட்கா

காலை 9:58

சுவருக்கு வெட்கம் சொல்லிக்கொடுத்தால் விரிசலை அதுவே போர்த்திக்கொள்ளும். நிழலை உருக்கிக் குழாய் வார்க்கலாம். ஆணிக்கு அம்மாவைத் தேடித் தந்தால் கழலாமல் இருக்கும். இடியை ஊறுகாய் போடலாம்.

வந்துவிட்டது. காற்று வந்துவிட்டது, ஐயோ என்ன சுகம். அந்தப் பக்கம் அவன் இருமுகிறான், எனக்குக் கேட்கிறது. நான் பயந்தாங்கொள்ளி. இதைப் படிக்கிறவரே, காறித் துப்புங்கள், தாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒரு தடவை மூச்சை அடக்கிப் பார்த்துவிட்டுத் துப்புங்கள்.

நாள் 137, பிற்பகல் 3:05

காலையிலிருந்து நிறைய எழுதினேன். எதையும் திரும்பப் படிக்கப் போவதில்லை. எல்லாம் நல்ல மதிப்பெண்.

அவன் பேச்சு குழறுகிறது. “எக்கா... இன்னும் ஒரு சாண்தான் பாக்கி. நேத்து செஞ்சீங்களே... அதை இன்னொருக்க செய்யுவீளா? அரை மணி நேரம் போதும் எனக்கு.”

செய்கிறேன்டே, நீ தைரியமாகச் செய் என்றேன்.

சாப்பிட்டேன். தண்ணீர் குடித்தேன். உட்கார்ந்தேன். சாப்பிட்டேன். தண்ணீர் குடித்தேன். உட்கார்ந்தேன். சாப்பிட்டேன். தண்

பிற்பகல் 3:16

மின்சாரத்துக்கு மீசை. பூட்டுக்குப் பேறுகாலம். கடல் காய்ந்தால் அதன் சத்தத்தை மடித்துப் பெட்டியில் வைக்கலாம்.

அரை மணி கேட்டான். கால் மணிகூடக் கொடுக்கவில்லை.

பிற்பகல் 4:10

ஜெபராஜ்: “எரியுது எக்கா.”

எரிகிறது! அழுத்தமானியில் முள் ஏறுகிறது. தொட்டிக்கு ஆக்சிஜன் வருகிறது. நஸ்ரின் அழுகிறாள், நானும்தான். ஜெபராஜ் என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. ஜெபராஜ். ஜெபராஜ். ஏலே ஜெபராஜ். திரும்பத் திரும்ப அதே பேரைச் சொல்கிறேன் என்று எனக்கு மணி அடிக்கிறது.

நாள் 138, காலை 9:00

உலையறையில் அசைவு இல்லை. நேற்று நாலேகால் மணியிலிருந்து இல்லை. செத்துவிட்டான். அவனுக்கு வயது முப்பத்திரண்டு. மையத்துக்குச் சொன்னேன். உலை ஓடுகிறதே, இனிமேலாவது காற்றைச் சமமாகத் திறந்துவிடுங்கள் என்றேன்.

நீலமேகம்: “ரொம்ப வருத்தமா இருக்கு மேடம். குடும்பத்துக்கு நாங்க பேசிக்கிறோம். ஆனா உலை பாதி வேகத்துலதான் ஓடுது. கப்பல் வர்ற வரைக்கும் பங்கு இப்படியே இருக்கட்டும். இன்னொண்ணு, இந்த நாலு நாள்ல வந்த யோசனைங்களோட தூரம் முன்னாடியைவிட ரெண்டு மடங்கு. பயம் யோசனையைக் கொல்லும்னு எழுதியிருந்தீங்க. அப்படி இல்லை போலிருக்கே. இங்க எல்லாரும் அசந்துபோயிட்டாங்க.”

அடுத்த செய்தி உடனே வந்தது. “உலையறையில உடலை அப்படியே விட முடியாது. அங்க கிடைக்கிற எதையும் வீணாக்கக் கூடாதுன்னு விதி இருக்கு, உங்களுக்கே தெரியும். இன்னைக்கு அதையே தலைப்பா எடுத்துக்குங்க. முதல் சுற்றுதான். சும்மா பேசுங்க.”

நாள் 138, காலை 11:00

யோசனைக் கூட்டம். கலந்துகொள்பவர் இருவர். தலைப்பு: ஜெபராஜ்.

புதைக்கலாம் என்றேன். 4.

நஸ்ரின்: “இது பாவம்க்கா. இதைப் பேசவே கூடாது.” மறுப்பு. கணக்கில் இல்லை.

சிலுவை நட்டுப் புதைக்கலாம், அவன் கைக்கடிகாரத்தை அம்மாவுக்கு அனுப்பலாம் என்றேன். 7. மணி.

பிறகு இரண்டு பேரும் பேசவில்லை. பேசாததற்கு மதிப்பெண் இல்லை; யாருக்கும் மதிப்பெண் இல்லாவிட்டால் காற்று தொட்டியிலேயே நிற்கும். எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. இரண்டு பேர் இருமுவது மட்டும் பதிவில் இருக்கிறது.

நஸ்ரின்: “எலும்பைப் பொடிச்சு மண்ணோட சேத்து உருக்கினா... கண்ணாடி இன்னும் கெட்டியாகும்க்கா.” 71.

அவள் அறைக்குக் காற்று போகிற சத்தம் கேட்டது. என் அறையில் குறைந்தது.

தலைமுடியைத் திரித்துக் குழாய் மூட்டுக்குச் சுற்றலாம் என்றேன். 76.

நஸ்ரின்: “தோலுல... அக்கா, தோலுல ஒரு வடிகட்டி.” 81.

அவள் வாந்தி எடுத்தாள். அதுவும் பதிவில் இருக்கிறது, மதிப்பெண் இல்லை.

மன்னிச்சிருடே ஜெபராஜ் என்றேன். 2.

நுரையீரல் இரண்டையும் பதப்படுத்தி அவசரக் காற்றுப்பையாகத் தைக்கலாம். ஆளுக்கொன்று. 96.

நல்லா வருது. மூச்சு நல்லா வருது.