பிஸ்கட் டப்பாவில் கிடைத்த குமிழ்

இன்று காலை பக்கத்துப் பெருநகர் கிராமத்துக்காரர் ஒருவரின் மோட்டாருக்கு வாஷர் தேடிக்கொண்டிருந்தபோது, கடையில் பலகைக்கு அடியில் கிடந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். வார்னிஷ் வாடை குப்பென்று அடித்தது. உன் டப்பா; நீ இறந்தபின் உன் வீட்டுப் பரணிலிருந்து பழைய சாமான்களோடு வந்தது. ரேடியோவில் திருகுகிற குமிழ், ஃபேன் குமிழ் என்று எல்லாவற்றையும் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கி, செய்தித்தாளில் சுருட்டி வைத்திருந்தாய். அந்த வரிசையில் மூன்றாவதாக மாதா கோயில் மைக்செட்டின் கறுப்புக் குமிழ். அதை மட்டும் தனியே எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

உத்திரமேரூரில் நாம் இருவரும் மோட்டார் காயில் சுற்றிய கடைதான் இது. உன் வலது கை நடுங்க ஆரம்பித்த வருஷம் நமக்கு நல்ல வருஷம் இல்லை. கம்பி பிடிக்க முடியாமல் நீ கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருப்பாய், நான் பார்க்காத மாதிரி இருப்பேன். பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் நடுக்குவாதம் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் கை நின்றது. "பார்றா, கரண்ட் வந்துட்ச்சி!" என்று என் முகத்துக்கு நேராக விரல்களை விரித்துக் காட்டினாய். கோயில் திருவிழாவுக்கு வைக்கிற வெடியை அன்றைக்கே கடை வாசலில் வெடித்தவன் நீ.

அதற்கு அப்புறம்தான் வினை ஆரம்பித்தது. மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் வரமாட்டாய். என் டேபிள் ஃபேனைப் பிரித்து, திருகாணிகளை அளவுவாரியாக அடுக்கிக்கொண்டிருப்பாய். மாட்டுவாய், மறுபடி பிரிப்பாய். உன் மனைவி ஸ்டெல்லா கடைக்கே வந்து நின்றாள். "அண்ணா, வூட்ல மிக்ஸி இல்ல, கடியாரம் இல்ல. எல்லாத்தையும் பிரிச்சிப் போட்டுக்கினு கீறாரு. கேட்டா சிரிக்கிறாரு" என்றாள்.

நெல் கதிர் வாங்குகிற, தண்ணீர் தவறக்கூடாத நேரத்தில் ஒருவர் கிணற்று மோட்டாரைக் கொடுத்திருந்தார். முடித்து, ஓட்டிப் பார்த்து வைத்துவிட்டு நான் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் அது துண்டு துண்டாகக் கிடக்கிறது. அவர் வந்து கத்திய கத்தலில் பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. "கொஞ்ச நாள் வூட்ல இரு. சாவியக் குடு" என்றேன். நீ சாவியைப் பலகைமேல் வைத்தாய். என்னைத் திட்டியிருக்கலாம்.

அடுத்த மாதமே பெரிய வெள்ளி. காலையில் மைக்செட்டைச் சரிபார்க்கிறேன் என்று கோயிலுக்குப் போனவன் அதையும் பிரித்துவிட்டாய். திரும்ப மாட்டியபோது அந்தக் குமிழ் மட்டும் காணோம். 'சாமான் எடுத்து விக்கிறான்' என்று பேச்சு கிளம்பியது. கோயில்காரர்கள் அதுவரை உன்னிடம் இருந்த மைக்செட் பொறுப்பைப் பிடுங்கினார்கள். என்னிடமும் வந்து கேட்டார்கள். அவன் அப்படிப்பட்டவன் இல்லை என்று நான் சொல்லவில்லை. எனக்கும் சந்தேகம் இருந்தது. இதை உன்னிடம் நான் கடைசிவரை சொல்லவே இல்லை.

ஸ்டெல்லா கெஞ்சியதால் அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு நானும் வந்தேன். அங்கே மூளையைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற பெண் ஒருத்தி காகிதத்தோடு உட்கார்ந்திருந்தாள். "மாத்திரை ஆரம்பிச்சதுக்கு அப்புறம் புதுசா ஏதாவது பழக்கம் வந்துச்சா? சூதாட்டம், நிறைய சாப்பிடுறது, ஒரே வேலையைத் திரும்பத் திரும்ப செய்யிறது?" என்று கேட்டாள். நீ என்னைப் பார்த்தாய். ஸ்டெல்லா அழ ஆரம்பித்துவிட்டாள்.

அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள். டோபமின் என்கிற ரசாயனம் உனக்கு மூளையில் குறைந்துவிட்டது. அதை வாங்கிக்கொள்கிற ஏற்பிகளில் இந்த மாத்திரை போய் உட்கார்ந்து அதன் வேலையைச் செய்கிறது. அந்த ஏற்பிகள் கையை நடத்துகிற பக்கத்திலும் இருக்கின்றன, ஆசையை நடத்துகிற பக்கத்திலும் இருக்கின்றன. சிலருக்கு மட்டும் இப்படி ஆகிறது, அதைத்தான் ஆராய்கிறோம் என்றாள். நீ சட்டென்று, "ஒரே லைன்ல ரெண்டு மோட்டாரு. ஒண்ணுக்கு வோல்டேஜ் ஏத்துனா இன்னொண்ணு எகிறுது. அதானம்மா?" என்றாய். அவள் சிரித்துக்கொண்டே அதை எழுதிக்கொண்டாள்.

டாக்டர் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, வேறொன்றுக்கு மாற்றினார். நடுக்கம் ஓரளவு திரும்பி வந்தது. பிரிக்கிற வெறி போயே போய்விட்டது. அதை டாக்டரிடம் சொல்லிவிட்டு ஊர் திரும்பும் பஸ்ஸில் நீ ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "அப்ப நான் கெட்டவன் இல்லடா" என்றாய். அப்பாடா என்று அழுதேன். கண்டக்டர் எங்கே இறங்கணும் என்று இரண்டு தடவை கேட்டார். மறுநாள் சாவியை உன் சட்டைப் பையில் நானே போட்டேன்.

அந்தக் குமிழ் மட்டும் உன்னை விடவில்லை. "எட்த்தனா இல்லியான்னே எனக்குத் தெர்ல" என்பாய். நெஞ்சுச் சளிக் காய்ச்சலில் நீ போகிற வரைக்கும் தேடினாய்.

இன்று அதை முதலில் ஸ்டெல்லாவிடம் கொண்டுபோனேன். உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். "விக்கல பாத்தியாண்ணா. அடுக்கித்தான் வெச்சிக்கீறாரு. அவருகிட்ட சொல்லு" என்றாள். அதனால்தான் உன்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இருவரும் கோயிலுக்குப் போய் மாட்டினோம். மைக்செட்டில் சரியாக உட்கார்ந்தது. அன்றைக்குத் திருட்டுப் பேச்சைக் கிளப்பியவர்களில் ஒருவர் அங்கே இருந்தார். அவருக்கு எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டியதையும் சேர்த்துச் சொன்னேன்: அவன் அப்படிப்பட்டவன் இல்லை.

உன் சாவியும் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. கடைக்கு வருகிறவர்கள் யாரையாவது பற்றி 'ஆளே மாறிட்டான்' என்று சொன்னால், கையிலிருக்கும் காயிலைக் கீழே வைத்துவிட்டு முதலில் ஒன்றைத்தான் கேட்கிறேன்: "அவர் என்ன மாத்திரை சாப்பிடுறார்?"