காலிப் பெட்டியோடு ஓட்டிய வண்டி

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதுவது. நான் நலம், உன் அப்பாவும் நலம், உன் தம்பி நலமில்லை, ஆகவே எல்லோரும் நலம் என்று ஒரே வரியில் முடிக்க இந்தத் தடவை வழியில்லை. நீ நலம் என்பது உன் கடிதத்திலேயே தெரிகிறது, நாலு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் உன் வேலையைப் பற்றித்தான் இருந்தது. சின்னவனுக்குக் கட்டுப் பிரித்துவிட்டார்கள். வலது முழங்கால் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார், அவர் சொன்னபோது உன் அப்பா வராந்தாவுக்குப் போய்விட்டார், நான்தான் நின்று கேட்டேன். மூக்குக்கண்ணாடி பிரேம்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்றவன் இப்போது கட்டிலில் காலை நீட்டிப் போட்டபடி ஜன்னல் வழியாக என் பட்டறையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். சத்தத்தை வைத்தே எந்த வண்டி வந்திருக்கிறது என்று சொல்கிறான். சொல்லிவிட்டுச் சிரிக்கிறான், அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நீ போனில் அழுதாய், நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். தூரப் பயணத்துக்கான மோட்டார் சைக்கிள்கள் மூன்றை ஓட்டி ஒப்பிட்டுப் பத்திரிகையில் எழுதினாயே, அதை மறுபடி எடுத்துப் படித்தேன். மூன்று பெட்டி நிறையச் சாமானும் பின்னால் ஒரு ஆளும் இருந்தாலும் சிவப்பு வண்டி வளைவில் கோடு போட்டதுபோல் போகும் என்று எழுதியிருக்கிறாய். படத்தில் பின்சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் என் கை முழுதாக நுழையும் இடைவெளி இருக்கிறது. சாமான் ஏற்றிய வண்டி அப்படி எழும்பி நிற்குமா, பட்டறையில் வளர்ந்தவளுக்கு இது தெரியாதா? மறுபடி போன் செய்து கேட்டதற்கு, நேரமில்லம்மா, பெட்டிய மாட்டிட்டு ஓட்டினேன், உள்ள ஒண்ணும் வைக்கல, எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க என்றாய். அந்த எல்லாருக்கும் அதை நம்பி வண்டி வாங்குகிற தம்பி இருக்கிறானா என்று எனக்குத் தெரியாது. உனக்கு இருக்கிறான்.

ஆகவே உன் வேலையை நான் செய்தேன். தெரிந்தவர்களிடம் மூன்று வண்டியையும் ஒரு நாள் இரவல் வாங்கி, பெட்டிகளில் தேய்ந்த பல்சக்கரங்களையும் பழைய செயின்களையும் நிரப்பி, பின்னால் உன் அப்பாவை ஏற்றிக்கொண்டேன், இத்தனை வருஷமாக அவரும் நான் சுமக்கிற சாமான்தானே. மூன்றில் குண்டு வண்டியை நடக்கிற வேகத்தில் திருப்பினால் தோளைக் கழற்றிவிடும், ஆனால் வேகம் பிடித்தபிறகு சுமை ஏறியதே அதற்குத் தெரியாது, வளைவில் சாய்த்தால் சாய்த்த இடத்திலேயே இருக்கும். நெட்டை வண்டி பிரேக் பிடித்தால் முன்பக்கம் பொசுக்கென்று இறங்கும், பக்கக் காற்றுக்கு ஆடும், இருந்தாலும் தப்புச் செய்தவனுக்குத் திருத்திக்கொள்ள நேரம் கொடுக்கும். உன் சிவப்பு வண்டி காலியாக இருக்கும்போது கண் போன இடத்துக்குத் தானே போகிறது, நீ எழுதியது அவ்வளவும் நிஜம், நானே சொக்கிப்போனேன். அதே வண்டியில் கனம் ஏறியதும் பின்பக்கம் உட்கார்ந்துவிடுகிறது, முன்சக்கரத்துக்குப் பிடிமானம் இல்லை, எண்பதைத் தாண்டினால் ஹேண்டில் உதறுகிறது, நீண்ட வளைவில் நான் உள்ளே இழுக்க இழுக்க அது வெளிப்பக்கமாகவே போனது. பின் ஸ்பிரிங்கை முழுக்க இறுக்கியும் பாதிதான் அடங்கியது. சின்னவன் லாரிக்கு எதிரே போனதும் இப்படித்தான். உன் அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு, போதும் நிறுத்து, புள்ள கடைசியா இதத்தானே பாத்திருப்பான் என்றார்.

உன் கடிதத்தின் கடைசி அரைப் பக்கத்துக்கு வருகிறேன். அந்த ஒப்பீட்டை ஆண்டு மலரில் திரும்பவும் போடப்போகிறார்கள், ஆசிரியருக்கு உண்மை தெரிந்தால் உன் வேலை போய்விடும், யாரிடமும் சொல்லாதே என்று கேட்டிருக்கிறாய். அதைச் சின்னவனுக்கு வாசித்துக் காட்டினேன். அக்கா பாவம்மா, என் கால் போனது போகட்டும், அவ வேலையும் போகணுமா, விட்டுடு என்று கையைப் பிடித்துக்கொண்டான். நான் விடவில்லை. இன்னொரு வீட்டுச் சின்னவன் அதைப் படித்துவிட்டுப் பெட்டியை நிரப்பிக்கொண்டு கிளம்புவான். நான் ஓட்டிப் பார்த்ததையும் நீ போனில் சொன்னதையும் எழுதித் திங்கட்கிழமையே ஆசிரியருக்கு அனுப்பிவிட்டேன். உனக்கு எழுதுவது வியாழக்கிழமை. முன்பே தெரிந்தால் நீயாக ஒப்புக்கொண்டதுபோல் பேசி நல்ல பெயர் வாங்கிவிடுவாய், உன்னை எனக்குத் தெரியும், அதனால்தான் மூன்று நாள் பொறுத்தேன்.

ஆசிரியருக்கு அனுப்பிய கடிதத்தில் இன்னொன்றும் இருக்கிறது. வண்டி வாங்கிய மறுநாள் சின்னவன் பெட்டிகளை நிரப்பி எடுத்து வந்து, ஓட்டிப் பாரும்மா என்றான். தெருமுனை வரை போய்த் திரும்பினேன். முன்பக்கம் லேசாக இருப்பது என் கைக்குத் தெரிந்தது. உன் கட்டுரையைக் கண்ணாடி போட்டுப் பட்டறைச் சுவரில் மாட்டியிருந்தேன், வருகிறவன் போகிறவனிடமெல்லாம் என் மகள் எழுதியது என்று காட்டிக்கொண்டிருந்தேன். அச்சில் வந்ததைவிட என் கைக்கு அதிகம் தெரிந்துவிட்டதா என்று நினைத்து, அக்கா எழுதினா சரியாத்தான் இருக்கும், எடுத்துட்டுப் போ என்று சொல்லி அனுப்பினேன். நாற்பது வருஷம் வண்டி பார்த்த கை. ஆசிரியருக்கு இதைத்தான் முதலில் எழுதினேன், உன் விஷயம் அதற்குப் பிறகுதான்.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. வேறு வேலை கிடைக்கும், ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவள் நீ, பட்டினி கிடக்கமாட்டாய். நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும் என்றுதான் இப்போதும் வேண்டிக்கொள்கிறேன், அதில் குறை வைக்கவில்லை. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, தம்பிக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்காதே. நான் கேட்டுப் பார்த்தேன், வாயைத் திறப்பதற்குள் மன்னித்துவிட்டான்.

இப்படிக்கு,
உங்கள் இருவரையும் பெற்ற அம்மா